பவுடர் பனிக்கு எந்த மலை? பணம் கட்டுவதற்கு முன் படிக்க ஒரு விமர்சனம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். பவுடர் பனியில், அதாவது புதிதாக விழுந்து இன்னும் இறுகாத லேசான பனியில், ஸ்கீ போட்டுச் சறுக்குவதற்காக மட்டும் ஒரு வாரம் ஒதுக்கி, பல மாதம் முன்பே டிக்கெட் போட்டு, தேதியை மாற்ற வழியே இல்லாமல் போகிறவர் என்றால் ஜனவரி நடுவில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் போங்கள். ஆனால் எல்லாரும் போய் இறங்குகிற நிசேக்கோவில் தங்காதீர்கள். தேதி உங்கள் கையில் இருக்கிறது, பனி விழப்போகிறது என்று தெரிந்ததும் இரண்டே நாளில் பையைக் கட்டிவிட முடியும் என்றால் ஆல்ப்ஸ். செங்குத்துச் சரிவுதான் வேண்டும், அதில் இறங்கும் அளவுக்குக் கால் பழகியிருக்கிறது என்றால் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் ஆல்டா, இல்லையென்றால் கனடாவின் ரெவல்ஸ்டோக் பக்கம். காஷ்மீரின் குல்மார்க்கை ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாது, அதற்குத் தனியாக வருகிறேன்.

இந்த விஷயத்தில் சுற்றுலா நிறுவனங்கள் சொல்கிற பரிந்துரை எல்லாம் ஒரே எண்ணைச் சுற்றித்தான் ஓடுகிறது: வருடத்துக்கு எத்தனை மீட்டர் பனி விழுகிறது. நான் அந்த எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் பேக்கர் என்ற இடம் இருக்கிறது, 1998-99 பருவத்தில் அங்கே 1,140 அங்குலம் பனி விழுந்தது, கிட்டத்தட்ட 29 மீட்டர், அது உலக சாதனை. ஆனாலும் பவுடருக்கென்று ஒரு வாரம் யாராவது கேட்டால் நான் அந்த இடத்தை முதலில் சொல்ல மாட்டேன், ஏனென்றால் கடல் பக்கத்தில் இருக்கும் மலை, பனி ஈரமாக, கனமாக வரும், கொஞ்சம் சூடு ஏறினால் மழையாகவே வந்துவிடும். கனடாவின் விஸ்லருக்கும் இதே குறைதான்: மேலே அருமையான பனி, அடிவாரத்தில் பல நாள் தூறல்.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? மூன்று விஷயம். பனி எத்தனை நாளுக்கு ஒரு தடவை விழுகிறது, எந்த வெப்பநிலையில் விழுகிறது, விழுந்த பனியை உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் உழுது முடிக்கிறார்கள். இதில் மூன்றாவதை யாரும் பேசுவதில்லை, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். ஒரே இரவில் அரை மீட்டர் விழுந்தாலும் காலை பதினொரு மணிக்குள் மலை முழுக்க கோடு கோடாகிவிடும் என்றால் அந்த அரை மீட்டரால் உங்களுக்கு என்ன லாபம்? தினமும் இருபது சென்டிமீட்டர் விழுந்து, மாலை வரை யாரும் தொடாத மூலை ஒன்று மிச்சமிருக்கிற இடத்தில் வாரம் முழுக்கக் கொண்டாட்டம்.

வெப்பநிலை விஷயத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேகத்துக்குள் மைனஸ் 15 டிகிரி சுற்றி இருக்கும்போதுதான் ஆறு கிளை விரித்த, இறகு மாதிரியான படிகங்கள் நன்றாக வளரும். அவை ஒன்றன்மேல் ஒன்று விழும்போது நடுவில் நிறையக் காற்று தங்குகிறது, அதனால்தான் அந்தப் பனி காலுக்குக் கீழே எடையே இல்லாத மாதிரி இருக்கிறது. காற்று பலமாக அடித்தால் அந்தக் கிளைகள் உடைந்து நெருக்கமாக ஒட்டி, பலகை மாதிரி இறுகிவிடும். வெயில் பட்டால் மேலே ஒரு தோல் கட்டும். அதனால் வடக்கு பார்த்த சரிவு, காற்றைத் தடுக்கும் காடு, இந்த இரண்டும் உள்ள மலையில் பவுடர் நாள்கணக்கில் தாங்கும். ரிசார்ட் வரைபடத்தை எடுத்ததும் ஆளை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, சரிவு எந்தத் திசை பார்க்கிறது, காடு எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

சரி, ஹொக்கைடோ.

அங்கே பனி வருகிற விதமே வேறு. சைபீரியாவின் உறைகுளிர்க் காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது, தன்னைவிட எவ்வளவோ சூடான கடல்நீரிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு வந்து, தீவின் மலைகளில் மோதி அப்படியே கொட்டிவிட்டுப் போகிறது. பெரிய புயல் ஒன்று எங்கிருந்தோ புறப்பட்டு வந்து சேர வேண்டும் என்ற காத்திருப்பு கிடையாது. அந்தக் காற்று வீசுகிற வரை பனி விழுந்துகொண்டே இருக்கும், ஜனவரியில் அது பெரும்பாலும் வீசிக்கொண்டேதான் இருக்கும். தேதியை முன்கூட்டியே பூட்டிவிட்ட ஆளுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. மற்ற எல்லா இடமும் கொஞ்சம் சூதாட்டம், இங்கே மட்டும் பந்தயம் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. இதற்கு விலையாக ஜனவரியில் சூரியனை மறந்துவிட வேண்டும். எதிரே நிற்கிற யோதேய் எரிமலையை ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஊர் திரும்புகிறவர்கள் உண்டு.

நிசேக்கோவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். ஹிராஃபு, ஹனஸோனோ, நிசேக்கோ வில்லேஜ், அன்னுபுரி என்று நான்கு ரிசார்ட்கள் ஒரே மலையைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரே டிக்கெட்டில் ஓடுகின்றன. வருடத்துக்குச் சுமார் 15 மீட்டர் பனி என்று சொல்லப்படுவதை நான் நம்புகிறேன். இரவில் விளக்கு வெளிச்சத்தில் பனி கொட்டக் கொட்டச் சறுக்குவது அங்கே கிடைக்கிற தனி சுகம். முக்கியமாக, எல்லைக்கு வெளியே போவதற்கு அவர்கள் வைத்திருக்கிற கேட் முறை நன்றாக இருக்கிறது. பனிச்சரிவு அபாயத்தைப் பார்த்து ரோந்துக்காரர்கள் கேட்டைத் திறப்பார்கள், மூடுவார்கள், திறந்த கேட் வழியாக மட்டும்தான் போகலாம், கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைந்தால் டிக்கெட் பறிபோகும். பல ஜப்பானிய ரிசார்ட்களில் தடத்தைவிட்டு விலகுவதே குற்றம் என்று இருந்த காலத்தில் இப்படி ஒரு ஏற்பாடு வந்தது பெரிய விஷயம்.

ஆனால் அந்தக் கேட் முன்னால் ஒரு பவுடர் காலையில் நின்று பாருங்கள். கயிறு இன்னும் கட்டியிருக்கும். பின்னால் வரிசை லிஃப்ட் நிலையம் வரை நீண்டிருக்கும், ஹெல்மெட் கேமரா எல்லாம் சிவப்பு விளக்கோடு தயாராக, ஒருத்தர் முட்டியில் மற்றொருத்தர் ஸ்கீ முனை இடித்துக்கொண்டிருக்கும், கண்ணாடி விளிம்பில் மூச்சு உறைந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். ரோந்துக்காரர் வந்து பலகையைத் திருப்பிக் கயிற்றை அவிழ்த்ததும் அத்தனை பேரும் ஒரே சரிவில். முதல் முப்பது பேருக்கு சொர்க்கம், அடுத்தவர்களுக்கு முப்பது பேர் போன பாதை. ஆஸ்திரேலியப் பள்ளி விடுமுறை ஜனவரி கடைசி வரை ஓடுகிறது, அது முடியும் நேரத்தில் சீனப் புத்தாண்டு விடுமுறை வந்து சேரும். அறை விலை எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. போதாததற்கு மேல் லிஃப்ட்கள் காற்றுக்கு அடிக்கடி நின்றுவிடும், அப்போது மொத்தக் கூட்டமும் கீழே உள்ள சரிவுகளில் நெருங்கும்.

அதனால்தான் ருசுட்ஸு என்கிறேன். நிசேக்கோவிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், விமான நிலையத்திலிருந்து வரும்போது அது முதலில் வந்துவிடும், காற்றின் தொல்லையும் குறைவு. மூன்று மலைகள், எதுவும் ஆயிரம் மீட்டரைக்கூட எட்டாது, உயரத்தைப் பார்த்து இதென்ன குன்று என்று சிரிப்பு வரும். போய்ப் பார்த்தால் காட்டுக்குள் மரத்துக்கு மரம் தாராளமான இடைவெளி, சரிவும் அளவாக, ஓட்டம் நிற்காத அளவுக்கு. பிர்ச் மரங்களுக்கு நடுவில் முழங்கால் ஆழத்தில் திரும்பும்போது சத்தமே கேட்காது, மரத்தின் வெள்ளைப் பட்டை மட்டும் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும், திரும்பும் ஒவ்வொரு தடவையும் பனி நெஞ்சுவரை எழும்பி முகத்தில் விழும். லிஃப்ட் ஏறி மறுபடி வந்தால் போன தடவை போட்ட கோடு பாதி மூடியிருக்கும். அடிவாரத்தில் கேளிக்கைப் பூங்கா ஒன்று, அதன் ரோலர் கோஸ்டர் பனிக்கு நடுவில் அநாதையாக நிற்கிறது. அங்கே உள்ள ஹோட்டலின் ரசனையைப் பற்றி என்னிடம் நல்ல அபிப்பிராயம் எதுவும் இல்லை. பனிக்காகத்தானே போகிறோம்.

இன்னும் குளிர்ந்த, இன்னும் உலர்ந்த பனி வேண்டும் என்றால் தீவின் நடுவில் ஃபுரானோ. கடலிலிருந்து தள்ளி இருப்பதால் மொத்த அளவு நிசேக்கோவைவிடக் குறைவு, ஆனால் தரம் ஒரு படி மேல். அங்கே தங்கிக்கொண்டு ஒரு நாள் அசாஹிடாகே போய் வரலாம். அது 2,291 மீட்டர், ஹொக்கைடோவின் உச்சி, ஒரே ஒரு ரோப்வே சுமார் 1,600 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். மேலே மரம் இல்லை, பனிக்கு நடுவில் எரிமலைத் துளைகள் புகை விட்டுக்கொண்டிருக்கும். வானம் திறந்திருந்தால் வாழ்நாள் அனுபவம், மூடியிருந்தால் கை நீட்டினால் விரல் தெரியாது. கைடு இல்லாமல் அங்கே மேலே அலைய வேண்டாம்.

ஹொக்கைடோவின் குறை என்ன என்று கேட்டால், சரிவு போதாது. நல்ல அனுபவசாலிகளுக்கு மூன்றாம் நாள் லேசாகச் சலிப்புத் தட்டும். பவுடரில் இப்போதுதான் கால் வைக்கிறவர்களுக்கோ அதே குறைதான் வரம்: விழுந்தாலும் மெத்தை, சரிவு பயமுறுத்தாது, மரங்கள் இருப்பதால் கொட்டும் பனியிலும் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியும். மரமில்லாத உயர்ந்த மலையில் பனிப்பொழிவின் நடுவே நின்றால் தரை எது வானம் எது என்று தெரியாமல் தலை சுற்றும். பவுடர் நாள் என்பது பெரும்பாலும் பனி கொட்டுகிற நாள் என்பதை மறந்துவிட்டு, வெயில் அடிக்கும் புகைப்படத்தைப் பார்த்து இடம் பிடிக்கிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது யூட்டா. சால்ட் லேக் சிட்டியில் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஆல்டாவிலோ ஸ்னோபேர்டிலோ நிற்கலாம், உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு நல்ல பனி இவ்வளவு பெரிய விமான நிலையத்துக்கு இத்தனை பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உலகின் மிகச் சிறந்த பனி என்று அந்த மாநிலம் கார் நம்பர் பலகையில்கூட அச்சடித்து வைத்திருக்கிறது, தம்பட்டம்தான், ஆனால் வெறும் தம்பட்டம் இல்லை. ஆல்டாவின் பனி உலகிலேயே லேசானது என்று நினைப்பது தப்பு, கொலராடோவில் இதைவிட லேசாக விழும். ஆல்டாவின் மகிமை வேறு: புயல் தொடங்கும்போது கொஞ்சம் கனமாகவும் போகப்போக லேசாகவும் அடுக்கு விழுகிற பழக்கம் அங்கே அடிக்கடி அமைகிறது, கீழ் அடுக்கு ஸ்கீயைத் தாங்கும், மேல் அடுக்கு பறக்கும். வெறும் லேசான பனி மெல்லியதாக விழுந்தால் அதைக் கிழித்துக்கொண்டு ஸ்கீ பழைய கடினத் தரையில் உரசும், அந்தக் கரகர சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். 2022-23 பருவத்தில் ஆல்டாவில் 903 அங்குலம் பனி, கிட்டத்தட்ட 23 மீட்டர். அது விதிவிலக்கு. சாதாரண வருடத்திலும் 13 மீட்டர் சுற்றி வந்துவிடும்.

ஸ்னோபோர்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஆல்டாவில் உங்களுக்கு இடமில்லை, ஸ்கீ மட்டும்தான். பக்கத்து மலையான ஸ்னோபேர்டில் இரண்டுக்கும் அனுமதி உண்டு.

யூட்டாவில் உண்மையான சிக்கல் சாலை. ஆல்டாவும் ஸ்னோபேர்டும் இருக்கிற லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்குக்கு ஒரே சாலை, அதன்மேல் வரிசையாகப் பனிச்சரிவு விழும் பாதைகள். நகரத்தில் மலிவாக அறை எடுத்துக்கொண்டு தினமும் மேலே போகலாம் என்று திட்டம் போட்டால், நல்ல பனி விழுந்த காலையில் பிரேக் விளக்குகளின் சிவப்பு வரிசையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள். பனிச்சரிவைக் குண்டு வைத்து இறக்கி முடிக்கும் வரை சாலை மூடியிருக்கும். மேலே தங்கியிருப்பவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு, அபாயம் அதிகமானால் கட்டடத்தைவிட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு போடுவார்கள், இன்டர்லாட்ஜ் என்று பெயர், 2020 பிப்ரவரியில் அது 52 மணி நேரம் நீடித்தது. ஆனால் உத்தரவு நீங்கி, சாலை இன்னும் திறக்காமல் இருக்கிற அந்த நேரம் இருக்கிறதே, மலை முழுக்க மேலே தங்கினவர்களுக்கு மட்டும். அதற்காகத்தான் மேலே அறை எடுக்கச் சொல்வது. நாள் எண்ணிக்கையைக் குறைத்தாவது மேலேயே தங்குங்கள்.

உயரத்தையும் கணக்கில் வையுங்கள். ஆல்டாவின் அடிவாரமே சுமார் 2,600 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து நேராக வந்தால் முதல் இரவு தலைவலியோடு தூக்கம் கெடும், முதல் நாள் பவுடர் பாதி மூச்சு வாங்குவதிலேயே போகும்.

வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஹோல் பற்றிக் கேட்பவர்களுக்கு: மலை பிரமாதம், வரிசை பயங்கரம். இப்போது ஐகான், எபிக் என்ற இரண்டு பருவ அட்டைகள் வந்தபின் அமெரிக்காவில் பெயர் பெற்ற மலை எல்லாவற்றிலும் இதே கதைதான், ஐகான் 2018இல் வந்தது, எபிக் அதற்குப் பத்து வருடம் முன்பே. ஒரே அட்டையில் பல மலை என்பது நல்லதுதான், பனி எங்கே விழுகிறதோ அங்கே எல்லா அட்டைக்காரர்களும் ஒரே நாளில் போய் நிற்கிறார்கள் என்பதுதான் கெட்டது. அட்டையில் சேராத சின்ன மலைகளைத் தேடுங்கள், லிஃப்ட் பழசாக, மெதுவாக இருந்தால் இன்னும் நல்லது. மெதுவான லிஃப்ட் ஒரு மணி நேரத்தில் மலைமேல் கொண்டுபோய்க் கொட்டுகிற ஆட்கள் குறைவு, பனியும் அவ்வளவு நேரம் கூடுதலாகத் தாங்கும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா உட்பகுதியில் கூட்டம் குறைந்த மலைகள் இன்னும் உண்டு. ரெட் மவுண்டன், வைட்வாட்டர், ஃபெர்னி என்று ஒரு சுற்று காரில் போகலாம், காடும் சரிவும் பனியும் ஒன்றாகச் சேர்ந்த இடம் இதைவிட நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் தெரிந்த பெயர் ரெவல்ஸ்டோக், 2007 இறுதியில் திறந்தார்கள், மேலிருந்து கீழ்வரை 1,713 மீட்டர், வட அமெரிக்காவில் லிஃப்டில் ஏறி இறங்கும் உயரத்தில் அதுதான் பெரியது. விளம்பரம் இதோடு நின்றுவிடும். கீழ் மூன்றில் ஒரு பங்கில் பல நாள் பனி இறுகியோ ஈரமாகவோ இருக்கும், 1,713 மீட்டரையும் பவுடரில் இறங்குகிற நாள் அபூர்வம், தொடை எரிகிறதுதான் மிச்சம். மேல் பாதியில் சுற்றிக்கொண்டிருந்தால் ஏமாற்றமில்லை.

ஹெலிகாப்டரில் போய் இறங்கிச் சறுக்குவது தொழிலாகத் தொடங்கியதே இந்தப் பக்கத்தில்தான், 1965இல் ஹான்ஸ் க்மோசர் பூகபூ மலைகளில் ஆரம்பித்து வைத்தார். ஆசை யாருக்கும் வரும். ஆனால் ஒரு வாரம் மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு நான் ஹெலியைவிட ஸ்னோகேட் வண்டியைத்தான் சொல்வேன். ஹெலிகாப்டருக்குப் பார்வை தெளிவாக இருந்தால்தான் பறக்க முடியும், பவுடர் கொட்டுகிற நாளில்தான் பார்வை இருக்காது, லாட்ஜில் உட்கார்ந்து சீட்டு விளையாட வேண்டியதுதான். சங்கிலிச் சக்கரம் போட்ட அந்த வண்டி மெதுவாக, குலுங்கிக் குலுங்கி ஏறினாலும் கொட்டும் பனியிலும் போகும், காசும் ஹெலியைவிடக் குறைவு. எதைப் பதிவு செய்தாலும் பறக்காத நாளுக்குப் பணம் திரும்புமா, எந்த அடிப்படையில் என்று எழுத்தில் வாங்குங்கள். கூடவே குழுவை எப்படிப் பிரிப்பார்கள் என்று கேளுங்கள். ஒரு தடவை, எந்த நாடு எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, பவுடரில் பழகிய நாங்கள் சிலரும், பவுடரே பார்த்திராத இரண்டு பேரும் ஒரே குழுவில் போடப்பட்டோம். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை, விழுந்த ஸ்கீயைப் பனிக்குள் துழாவித் துழாவியே காலை முழுக்கப் போனது, கைடும் பொறுமையாகத்தான் இருந்தார். பதிவின்போது தகுதி பற்றி ஒரு கேள்விகூட கேட்காத நிறுவனம் என்பதை அப்போதே கவனித்து விலகியிருக்கலாம் என்று இப்போது படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

ஆல்ப்ஸ் எனக்குப் பிடிக்கும், ஆனால் பவுடருக்கென்று முன்பதிவு செய்து போக மாட்டேன். அங்கே பனி அடைமழை மாதிரி: வந்தால் மூன்று நாள் விடாமல் கொட்டும், அப்புறம் இரண்டு வாரம் நீல வானம், நடுவில் ஃபோன் எனப்படும் மலைக்காற்று தெற்கிலிருந்து சூடாக வீசி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டுப் போகும். கிடைத்தால் ஹொக்கைடோவெல்லாம் கிட்ட வராது. சுவிட்சர்லாந்தில் ஆன்டர்மாட்டின் கெம்ஸ்டாக், ஏறக்குறைய 2,960 மீட்டர், வடக்கு பார்த்த முகம், புயலுக்கு அடுத்த நாள் அங்கே நிற்பது பெரிய அதிர்ஷ்டம். எங்கெல்பெர்கும் அந்தப் பக்கம்தான், இரண்டுக்கும் சூரிச்சிலிருந்து ரயிலே போகிறது. ஆஸ்திரியாவில் ஆர்ல்பெர்க், அதிலும் செயின்ட் ஆன்டனைவிட வார்த்-ஷ்ரோக்கன் பக்கம். வடமேற்கிலிருந்து வரும் மேகம் முதலில் மோதுவதால் ஆல்ப்ஸிலேயே அதிகப் பனி விழும் இடங்களில் ஒன்று, 2013இல் லெக் மலையோடு லிஃப்ட் இணைப்பு வந்தபின்னும் கூட்டம் செயின்ட் ஆன்டன் அளவுக்கு இல்லை.

ஐரோப்பாவில் ஒரு விஷயம் மண்டையில் ஏற வேண்டும். வட அமெரிக்காவில் ரிசார்ட் எல்லைக்குள் இருக்கிற சரிவு, தடம் போடாததாக இருந்தாலும், ரோந்துக்காரர்கள் பனிச்சரிவு பார்த்துத் திறந்ததாக இருக்கும். ஆல்ப்ஸில் தடத்தின் ஓரக் கம்பத்தைத் தாண்டி இரண்டு மீட்டர் வெளியே போனாலே உங்கள் பாடு, லிஃப்ட் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தச் சரிவை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். பனியாறு உள்ள இடத்தில் பிளவு வேறு. பனிச்சரிவு அபாய அளவு 1 முதல் 5 வரை தினமும் வெளியாகும், சுவிட்சர்லாந்தில் மாலை ஐந்து மணிக்கு, மறுபடி காலை எட்டு மணிக்கு. 3 என்றால் நடுவில்தானே என்று நினைத்துப் போய்த்தான் நிறையப் பேர் சாகிறார்கள். பயணக் காப்பீட்டில் தடத்துக்கு வெளியே சறுக்குவது சேருமா, கைடு இல்லாவிட்டாலும் சேருமா என்பதையும் பொடி எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது குல்மார்க். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டே வகை, சொர்க்கம் என்பார்கள், இல்லாவிட்டால் பணம் வீண் என்பார்கள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், வேறு வேறு வாரத்தில் போயிருப்பார்கள், அவ்வளவுதான்.

மலை உலகத்தரம், அதில் சந்தேகமே இல்லை. ஊரே சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. கோண்டோலா என்ற ரோப்வேயின் முதல் கட்டம் கோங்டூரி வரை, 2005இல் வந்த இரண்டாம் கட்டம் அஃபர்வாட் தோள்வரை, ஏறக்குறைய 3,950 மீட்டர். அங்கே இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தால் லிஃப்ட் கம்பமே இல்லாத வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக, கீழே காடு. ஆல்ப்ஸில் இப்படி ஒரு மலை இருந்தால் ஆயிரம் பேர் உழுதிருப்பார்கள். இங்கே புயல் கழிந்து நாலு நாள் ஆனபின்னும் தொடாத சரிவு கிடைக்கும். மேல் கட்டம் மூடியிருக்கும் நாளில் காட்டு வழியாகப் பாபா ரேஷி பக்கமோ டங்மார்க் பக்கமோ இறங்கி, ஜீப் பிடித்துத் திரும்பி வருவதும் அருமையான நாள்தான், சில சமயம் மேலே போவதைவிட.

சிக்கல் என்னவென்றால் பனி மேற்கத்தியக் கலக்கம் எனப்படும் புயல்களை நம்பியிருக்கிறது. அவை மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வர வேண்டும். வந்தால் ஒரே வீச்சில் மீட்டர் கணக்கில் கொட்டும், வராவிட்டால் வெறும் தரை. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் சில்லாய் கலான், காஷ்மீரின் கடுங்குளிர் காலம், அதற்குள்ளேயே 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் பழுப்பாகக் கிடந்த படங்களை எல்லாரும் பார்த்தோம். அடுத்த மாதமே பெரிய பனி வந்தது, பனிச்சரிவில் வெளிநாட்டுச் சறுக்காளர் ஒருவர் இறந்ததும் அந்தப் பிப்ரவரியில்தான். ரோந்துக் குழு பார்த்துக்கொள்வது கோண்டோலாவை ஒட்டிய முதன்மைக் கிண்ணத்தை, அதைத் தாண்டியது எல்லாம் கட்டுப்பாடற்ற மலை. இன்னொன்று, பெரும் பனிக்குப் பின் இரண்டாம் கட்டம் நாள்கணக்கில் மூடியே இருக்கலாம். ஒரு வாரத்துக்குப் போய் அதில் பாதி நாள் டிக்கெட் ஜன்னல் முன்னால், ஸ்கீயைச் சுவரில் சாத்திவிட்டு, திறப்பார்களா மாட்டார்களா என்று நிற்கிறவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். ஒரு வாரம் போதாது, இரண்டு வாரமாவது வேண்டும், மாதம் பிப்ரவரி. மார்ச் நெருங்கினால் 34 டிகிரி அட்சரேகையின் வெயில் தெற்குச் சரிவுகளை மதியத்துக்குள் கஞ்சியாக்கிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது: மலைக்குப் போகிறவர்கள் பழக்கத்தில் பையில் வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் மாதிரியான செயற்கைக்கோள் கருவிகளை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது, விமான நிலையத்திலேயே பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஜார்ஜியா நாட்டின் குதாவுரி மலிவு, அகலம், ஆனால் மரம் கிடையாது, மேகம் இறங்கினால் நாள் போச்சு. ஜூலை, ஆகஸ்டில்தான் விடுமுறை என்றால் அர்ஜென்டினாவின் லாஸ் லேனியாஸ் இருக்கிறது, அதன் பெரிய மேல் லிஃப்ட் காற்றுக்கு மூடிக்கிடக்கிற நாள்களையும் சேர்த்து மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

எங்கே போனாலும் தடத்துக்கு வெளியே போகிறீர்கள் என்றால் பீக்கன் (பனியில் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோ கருவி), மண்வெட்டி, தேடுகம்பி மூன்றும் ஆளுக்கு ஒன்று, உங்களிடம் மட்டும் இருந்து கூட வருபவரிடம் இல்லாவிட்டால் உங்களைத் தோண்டி எடுக்க ஆளில்லை. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நல்ல வாய்ப்பு, அதற்குமேல் வேகமாகக் குறைகிறது. காட்டுக்குள் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். ஆழமான பனியில் ஊசியிலை மரத்தைச் சுற்றி, கிளைக்கு அடியில், இறுகாத குழி இருக்கும், தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வர முடியாது. துணையைக் கண்ணில் வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

ஸ்கீ வாடகை பற்றியும் கேட்பீர்கள். பாதத்துக்குக் கீழே 100 முதல் 115 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் பவுடருக்குப் போதும். ஹொக்கைடோ, யூட்டா, கனடா மூன்றிலும் நல்லது வாடகைக்கே கிடைக்கும், விமானத்தில் சுமக்க வேண்டாம். குல்மார்க்குக்கு சொந்தமாக எடுத்துப்போவது நல்லது, அங்கே அகலமானவை குறைவு, பீக்கனும் பேட்டரியோடு நீங்களே கொண்டுபோங்கள். பூட்ஸ் மட்டும் எந்த ஊருக்குப் போனாலும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.